ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? ஒரு 1972 போர்ஷேவுக்குப் பின் விளிம்பு கட்டிய கதை

வண்டி லாரியிலிருந்து இறங்கியதும் என் கண்ணில் முதலில் பட்டவை ரிவெட்டுகள்தான். பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டைச் சுற்றிப் பக்கத்துக்குப் பதினெட்டு அலுமினிய ரிவெட். அவை பிடித்துக்கொண்டிருந்தது அகலமான ஒரு ஃபைபர் விளிம்பை. பெயின்ட் வெடித்திருந்தது. பெயின்டுக்கு அடியில் பள்ளம் மூடப் பூசும் பட்டி, பட்டிக்கு அடியில் இன்னொரு நிறத்தில் இன்னொரு பட்டி. மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து மட்கார்டு முழுக்க ஓட்டிப் பார்த்தார். மூன்று இடத்தில் காந்தம் நழுவிக் கீழே விழுந்தது.

"தம்பி, காந்தம் விழுந்த இடத்துல வண்டியே இல்லன்னு அர்த்தம்" என்றார்.

எங்கள் பட்டறை வேலூரில் பெங்களூரு சாலையை ஒட்டி இருக்கிறது. அப்பா காலத்தில் அம்பாசிடர், ஃபியட், ஜீப் என்று ஓடியது. இப்போது சோறு போடுவது இன்சூரன்ஸ் வேலை: நசுங்கிய கதவு, உடைந்த பம்பர். வருடத்துக்கு ஒன்றிரண்டு பழைய வண்டி வரும். போர்ஷே வந்தது இதுதான் முதல் தடவை. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் டிங்கரிங் வேலை செய்பவர்களுக்கும் உதவும் என்று, நடந்ததை நாங்கள் செய்த தப்போடு சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

வண்டி 1972 மாடல் 911 டி. பின்னால் காற்றில் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின், 2,341 சி.சி., ஜெனித் கார்புரேட்டர், 130 குதிரைத்திறன். சொந்தக்காரர் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்பவர். எல்லாரும் பாய் என்று கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அந்தக் காலத்தில் தூதரகத்துக்காரர்களும் வெளிநாட்டு இன்ஜினியர்களும் ஊர் திரும்பும்போது விட்டுப்போகும் கார்களை மத்திய அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலம் விடும். அப்படி ஓர் ஏலத்தில் பாயின் அத்தா எடுத்த வண்டி இது. நடுவில் சில வருடம் பெங்களூருவில் ஓர் உறவுக்காரரிடம் இருந்தது. ரேஸ் கார் மாதிரி தெரிய வேண்டும் என்ற ஆசையில் பின் மட்கார்டை வெட்டி ஃபைபர் வைத்தது அவர்தான். முன்பக்கத்தை ஏனோ தொடவில்லை. புண்ணியவான்.

ஃபைபரைக் கழற்றினோம். சக்கர வளைவின் விளிம்பை ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். ரிவெட் துளை ஒவ்வொன்றிலும் தண்ணீர் புகுந்து, தகடு முறுக்குப் போல நொறுங்கியது. மற்றபடி உடம்பு சுத்தம். பாலாற்றுப் பக்கத்துக் காய்ந்த காற்று பழைய இரும்புக்கு நல்லது. கடற்கரை ஊரில் நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சக்கரம் முதலில் வந்தது

குதிரை வாங்குவதற்கு முன்பே லாடம் வாங்கின கதையாக, பாய் சக்கரத்தை முதலில் வாங்கிவிட்டார். ஃபுக்ஸ் கம்பெனி செய்த ரிம் நான்கு: அகலம் முன்னுக்கு 6 அங்குலம், பின்னுக்கு 7 அங்குலம், விட்டம் 15. அவர் மனதில் இருந்தது 1973 மாடல் கரேரா ஆர்.எஸ். 2.7.

அந்த வண்டியைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் விளிம்புக் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1972 அக்டோபரில் பாரீஸ் கண்காட்சியில் போர்ஷே அதைக் காட்டியது. பந்தயத்தில் குரூப் 4 பிரிவில் இறங்க 500 வண்டி செய்தாக வேண்டும் என்பது விதி. 500 விற்குமா என்று பயந்து செய்தார்கள், கடைசியில் 1,580 போனது. தெருவில் ஓடும் போர்ஷேயில் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு என்று சக்கரம் வந்தது அதில்தான். பின்சக்கரம் 7 அங்குலம் ஆனதால் அதை மூட வேண்டும். அதற்காகப் பின்னுடம்பை 42 மி.மீ. அகலமாக்கினார்கள், பக்கத்துக்கு 21. ரேஸ் வண்டிகளில் பார்க்கும் பெரிய பூதத் தோள் இதில் கிடையாது. தெரியாதவர் கண்ணுக்குப் பழைய 911-க்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த 21 மி.மீ. பாயின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

கணக்கு சுலபம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் குடத்தில், உட்காரும் முகம் வரை உள்ள தூரம்தான் ஆஃப்செட். 6 அங்குல ஃபுக்ஸ் ரிம்மின் ஆஃப்செட் 36 மி.மீ., 7 அங்குலத்துக்கு 23.3. ரிம்மின் பாதி அகலத்தில் ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப்பின் முகத்திலிருந்து ரிம் எவ்வளவு வெளியே நிற்கும் என்று வந்துவிடும். ஆறுக்கு 40 மி.மீ., ஏழுக்கு 66-க்குச் சற்றுக் குறைவு. ஆக 7 அங்குல ரிம், 6 அங்குல ரிம்மைவிட ஏறக்குறைய 25 மி.மீ. வெளியே வரும். கம்பெனி கொடுத்த 21 மி.மீ., மீதிக்கு ஏற்கெனவே இருந்த இடைவெளி. பாயின் டி மாடல் கம்பெனியிலிருந்து வந்தபோது ஐந்தரை அங்குல ரிம்மோடு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பழைய உடம்பில் இந்தச் சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கும்.

சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெட்டிய இடத்தை ஒடுக்கமாகவே கட்டிவிடலாம் என்றேன். பாய் சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எது ஒரிஜினல்?

முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, பிடிக்காவிட்டால் கழற்றி மாற்றலாம். 911-இன் பின் மட்கார்டு உடம்போடு ஒன்றாகப் பற்றவைத்தது. அங்கே ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான். அதனால் எந்தத் தகடு என்பதை அவசரப்படாமல் முடிவு செய்தோம்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எங்களுக்குத் தெரிந்த வார்த்தை இரண்டே: ஒரிஜினல், டூப்ளிகேட். டூப்ளிகேட் என்றால் ஏமாற்று என்று ஓர் ஒலி அதற்குள் இருக்கிறது. பழைய வண்டி உலகத்தில் அப்படி இல்லை. கம்பெனி அச்சு இல்லாமல், பழைய தகட்டைப் பார்த்து வேறு ஒருவர் அடித்து, அதை மறைக்காமல் சொல்லியே விற்கும் தகடு அது. ஒரிஜினல் என்ற வார்த்தையும் அவ்வளவு நேரானதில்லை. பாய் ஒரிஜினல் வேண்டும் என்றபோது அவர் நினைத்தது 911 எஸ்.சி. என்ற பிந்திய மாடலின் விளிம்பை. 1978 முதல் 1983 வரை வந்த வண்டி அது. பின்னால் அதே 7 அங்குல, 15 விட்டச் சக்கரம், அகலமும் நெருக்கம். கழித்துப் போட்ட எஸ்.சி.யிலிருந்து விளிம்பை வெட்டியெடுத்துப் பழைய 911-க்கு வைப்பது உலகம் முழுக்க நடக்கிற வேலை. போர்ஷே கம்பெனி இரும்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வண்டிக்கு அது ஒரிஜினலா? பிறந்தது 1972, போடப்போவது 1980-இன் தோல். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு ஒரே சாதிச் சான்றிதழ் இருந்தால் நம் பிள்ளை ஆகிவிடுமா என்று மேஸ்திரி கேட்டார். உதாரணம் கொஞ்சம் கோணல், ஆனால் விஷயம் அதுதான்.

எஸ்.சி. தகட்டில் இன்னும் மூன்று சிக்கல். ஒன்று, 1976 மாடலிலிருந்து போர்ஷே உடம்பு முழுவதும் துத்தநாகம் பூசி வந்தது. துருவுக்கு அது வரம், வெல்டருக்குத் தொல்லை. பற்றவைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டாவிட்டால் புகை மூக்கில் ஏறி, ராத்திரி குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். சுரண்டினால் அந்த இடத்தில் பூச்சின் பலனே போச்சு. இரண்டாவது, 1974-இல் பம்பர் மாறியது. அதனால் எஸ்.சி. மட்கார்டின் பின்கோடி பாயின் வண்டிக்கு ஒத்துவராது, சக்கரத்தைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும்தான் எடுக்க முடியும். மூன்றாவது காகித வேலை: வெளிநாட்டிலிருந்து பழைய பாகம் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும், அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் சென்னையில் உள்ள கிளியரிங் ஏஜென்ட். போர்ஷேயிடமே பழைய மாடல்களுக்குப் புதுத் தகடு கிடைக்கிறது. ஆனால் முழு மட்கார்டுக்குக் காசு கொடுத்து வாங்கி, வளையத்தை மட்டும் நறுக்கிக்கொண்டு மீதியை எடைக்குப் போட யாருக்கும் மனசு வரவில்லை.

மேஸ்திரி தானே அடித்துத் தருவதாகச் சொன்னார். 20 கேஜ் சி.ஆர். ஷீட்டில், அதாவது 0.9 மி.மீ. தகட்டில், மணல் மூட்டையின் மேல் மரச்சுத்தியால் தட்டி இரண்டு நாளில் இடப்பக்கத்துக்கு ஒன்று செய்தார். பார்த்தால் கும்பிடத் தோன்றும். வலப்பக்கத்துக்கு ஒன்று தொடங்கி, பாதியில் அவரே நிறுத்திவிட்டார். "ஒண்ணு வரும் தம்பி. ஜோடி வராது." நாற்பது வருட அனுபவம் பேசியது. நான் எதுவும் சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது டூப்ளிகேட், அதாவது மறு தயாரிப்புத் தகடு. ஒரு ஜோடி தருவித்தோம். கறுப்புப் பிரைமர் பூசி, பார்க்க அம்சமாக வந்தது. பிரைமரைக் கொஞ்சம் தேய்த்துவிட்டு மைக்ரோமீட்டர் வைத்தேன். ஓரத்தில் 0.9 மி.மீ., வண்டியின் சொந்தத் தகட்டுக்குச் சமம். வளைவின் உச்சியில் 0.7. அழுத்தி அடிக்கும்போது தகடு இழுபட்டு மெலிவது இயற்கை. ஆனால் இனி அந்த இடத்தை இழுத்து அடிக்க இடமில்லை என்பதையும் அந்த எண் சொல்லிவிட்டது. விளிம்பில் உள்பக்கம் மடங்கும் மடிப்பு ஓரிடத்தில் 12 மி.மீ., ஓரிடத்தில் 7. உள் வளைவோடு சேர்த்துப் பற்றவைக்க வேண்டிய மடிப்பு அது.

சரி, சுமாரான தகடு என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு சுமார் என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட ஒரிஜினல் ஒன்று வேண்டும். அது வேலூரிலிருந்து ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

ஆம்பூர் வழி

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. யோசனை பாயுடையது.

பாயின் மச்சான் பையன் ஜெர்மனியில் பிர்மாசென்ஸ் என்ற ஊரில் இருக்கிறார். ஜெர்மனியின் ஷூ ஊர் அது, அந்த நாட்டு ஆம்பூர் என்று சொல்லலாம். பையன் போவதற்கு முன் ஆம்பூரில் ஷூ பேட்டர்ன் வேலை கற்றவர். ஷூ வடிவமைக்கிறவர்கள், லாஸ்ட் எனப்படும் கால் அச்சின் மேல் மாஸ்கிங் டேப்பை நெருக்கமாக ஒட்டுவார்கள். அதன் மேல் பேனாவால் கோடு போட்டு, பிளேடால் கீறி உரித்து, அட்டையில் தட்டையாகப் படிய வைப்பார்கள். வளைந்த பொருளின் தோல் அப்படியே தட்டையாகக் கையில் வந்துவிடும். தட்டையாக்கும்போது டேப் எங்கே மடிகிறது, எங்கே கிழிகிறது என்று பார்த்தால், அந்த இடத்தில் தோலை எவ்வளவு சுருக்க வேண்டும், எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

"தோலுக்கு ஆகிறது தகட்டுக்கு ஆகாதா தம்பி?" என்று கேட்டார் பாய்.

பையன் அங்கே ஓர் எஸ்.சி. வைத்திருப்பவரைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்க விளிம்பிலும் டேப் ஒட்டி உரித்துவிட்டார். அதோடு, சீப்பு மாதிரி ஊசிகள் உள்ள ஓர் அளவியை வைத்து ஐந்து இடங்களில் குறுக்குவெட்டு வடிவத்தையும் அட்டையில் வெட்டினார். எல்லாம் ஒரு ஷூ டப்பாவில் வந்து சேர்ந்தது. எடை அரை கிலோகூட இல்லை. அனுமதி, டூட்டி என்று ஒன்றும் கிடையாது. ஒரிஜினல் இரும்பு வரவில்லை, அதன் வடிவம் வந்துவிட்டது. எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று அப்புறம்தான் உறைத்தது.

அந்த டேப்பை எங்கள் மறு தயாரிப்புத் தகட்டின் மேல் படிய வைத்தோம். விளிம்புக்குப் பக்கத்தில் சரியாக உட்கார்ந்தது. மேலே போகப்போக டேப் உப்பி நின்றது. கம்பெனித் தகட்டில் மேடு, விளிம்பிலிருந்து நல்ல ஒரு கை அகலம் மேலேயே மெதுவாகப் புறப்பட்டு வழிந்து இறங்குகிறது. எங்கள் தகட்டில் அது தாமதமாகத் தொடங்கிச் சட்டென்று வெளியே தள்ளுகிறது. ராத்திரி பட்டறையில் மற்ற விளக்கை அணைத்துவிட்டு ஒரு டியூப்லைட்டைப் பிடித்தால், ஈரத் தகட்டில் அதன் நிழல்கோடு அந்த இடத்தில் முட்டி மடங்கியது தெரிந்தது. இதைத்தான் பலர் 'என்னவோ சரியில்லை, சொல்லத் தெரியவில்லை' என்று டூப்ளிகேட் தகட்டைப் பற்றிச் சொல்கிறார்கள். காரணம் அச்சுக்காரரின் சிக்கனம்: ஆழமான, மெதுவான வளைவை அழுத்த நல்ல அச்சும் பல அடியும் வேண்டும், அவர் ஒரே அடியில் முடிக்கப் பார்த்திருக்கிறார்.

உச்சியை இழுக்க இடமில்லை என்று முன்பே சொன்னேன். மேஸ்திரி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். உச்சியைத் தொடாமல், அதன் மேல் பாவாடையில், அதாவது மேட்டைச் சுற்றி விரியும் தகட்டில், கேஸ் நெருப்பால் காசு அகலத்துக்குச் சூடு வைத்து, சிவந்ததும் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டி கொடுத்து நாலு தட்டு, உடனே ஈரத் துணி. தகடு அந்த இடத்தில் சுருங்கும். சுற்றிலும் சுருங்கினால் நடுவிலிருப்பது தானாக எழும். பக்கத்துக்கு முப்பது, நாற்பது சூடு வைத்திருப்பார். மூன்றாம் நாள் டேப் தகட்டோடு ஒட்டிப் படுத்தது. தட்டித் தகடு செய்யத் தெரிந்தவருக்குத்தான் விலைக்கு வாங்கிய தகட்டைத் திருத்தவும் தெரியும். அந்தக் கை இல்லாத ஊராக இருந்திருந்தால், பாய் கேட்டபடி எஸ்.சி. தகட்டுக்கே காத்திருங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

எங்கள் தப்பு

திருத்திய தகடுகளை வண்டியில் கிளாம்ப் போட்டு நிறுத்தினோம். சக்கரத்தை மாட்டி, டயருக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். இடப்பக்கம் நன்றாக இருந்தது. வலப்பக்கம் 11 மி.மீ. குறைவு. தகடு அடித்தவரைத் திட்டினேன். அவருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சலும் எழுதினேன். அதை அனுப்பாமல் வைத்திருந்தது யார் செய்த புண்ணியமோ.

மறுநாள் காலை மேஸ்திரி தரையில் குந்தி, தூக்குக் குண்டைப் பின் பம்பர் நடுவில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ஐம்பது வருடம் சுமந்த டார்ஷன் பார் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. நான் அளந்தது தகட்டின் தப்பை அல்ல, வண்டியின் கூனை.

அந்தக் காலத்து 911-இல் பின்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கும் இரும்புத் தண்டுதான் எடையைத் தாங்குகிறது. அந்தத் தண்டின் உள்முனையில் 40 பல், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் ஒரு பக்கம், வெளியே ஒரு பல் மறு பக்கம் திருப்பினால் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு, 50 நிமிடக் கோணம். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இதே ஏற்பாடு. இரண்டு பக்கத்தையும் சரிசெய்து, வண்டியை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, ஹப்பின் மையத்திலிருந்து மறுபடி அளந்தேன். 11 மி.மீ. வித்தியாசம் 4 ஆகிவிட்டது. அந்த நான்கு மட்டும்தான் தகட்டின் குற்றம்.

விளிம்பை டயரோடு ஒப்பிட்டு அளக்காதீர்கள். உடம்பின் அசையாத இடத்திலிருந்து, கதவுத் தூணிலிருந்தும் டார்ஷன் பார் மூடியிலிருந்தும் அளந்திருந்தால் எனக்கு ஒரு நாளும் ஒரு கோபமும் மிச்சமாகியிருக்கும். காலையில் மட்டும்தான் அளக்க வேண்டும், வெயிலில் இரும்பு நீளும் என்று மேஸ்திரி பிடிவாதம் பிடித்தார். கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் தகட்டுக்கு இருபது டிகிரி சூட்டில் கால் மி.மீ.தான் வருகிறது. ஆனாலும் வேலூர் கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு அளப்பவனுக்குப் பொறுமை நீளாது, அதனால் அவர் பேச்சைக் கேட்டோம்.

எண்ணெய் மூடி

வலப்பக்கத்தில் இன்னொரு விஷயம் காத்திருந்தது.

911 எஞ்சினின் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்காது, தனித் தொட்டியில் இருக்கும். அந்தத் தொட்டி வழக்கமாக வலப் பின்சக்கரத்துக்குப் பின்னால். 1972 மாடலில் மட்டும் எடையை நடுவுக்குக் கொண்டுவர, சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தினார்கள். ஆயில் ஊற்ற வெளியே, கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் மட்கார்டிலேயே ஒரு சின்ன மூடி வைத்தார்கள். பெட்ரோல் மூடி என்று நினைத்துப் பங்க்குகளில் அதைத் திறந்து பெட்ரோல் ஊற்றிவிட்டதாக ஏகப்பட்ட கதை. ஒரே வருடம்தான், 1973-இல் மூடியும் போய்விட்டது, தொட்டியும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. பாய் சின்னப் பையனாக இருந்தபோது ஆற்காட்டில் ஒரு பங்க்கில் குழாயோடு அந்த மூடி பக்கம் ஓடிவந்த பையனைப் பார்த்து அத்தா போட்ட சத்தம் இன்னும் அவர் காதில் இருக்கிறதாம்.

ஒரே ஒரு வருடத்து வண்டி என்பதற்கு அந்த மூடிதான் அடையாளம். ஆர்.எஸ்.ஸிலும் அது கிடையாது, எஸ்.சி.யிலும் கிடையாது. அதனால் நாங்கள் வாங்கிய வலப்பக்கத் தகடும் மூடி இல்லாத வண்டிக்கு அடித்தது. அதன் முன் பாவாடை நேராக மூடி இருக்கும் இடத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. எஸ்.சி. மட்கார்டு முழுசாக வைத்திருந்தால், அந்த மூடி வண்டியிலிருந்தே காணாமல் போயிருக்கும். ஒரிஜினல் இரும்பு போட்டு ஒரிஜினல் அடையாளத்தைத் தொலைத்திருப்போம்.

அதனால் வெட்டுக்கோட்டை மாற்றினோம். வாங்கிய தகட்டை முழுசாக வைப்பதில்லை. வளையம் மட்டும் எடுத்து, வண்டியின் சொந்தத் தகட்டை எவ்வளவு விட்டுவைக்க முடியுமோ அவ்வளவும் விட்டுவைப்பது. மூடியின் ஓரத்துக்கும் வெல்டுக்கும் நடுவே 35 மி.மீ. சொந்தத் தகடு இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் மூடிச் சட்டம் நெளிந்துவிடும். மேடு மூடிக்கு முன்பாகவே தணிய வேண்டும். இடப்பக்கத்தில் மூடி இல்லாவிட்டாலும், ஜோடி பொருந்த வேண்டும் என்று அங்கேயும் அதே கோட்டில் வெட்டினோம். டேப்பின் முன்கோடியில் ஒரு விரல் அகலத்தைப் பையன் அனுப்பியதிலிருந்து விலக்கி வரைந்தோம். ஒரு போர்ஷே வெறியர் அளவுகோலோடு வந்தால் கண்டுபிடித்துவிடுவார். வரட்டும்.

வெட்டும் வெல்டும்

வெட்டுவதற்கு முன் உள்ளே கதவுத் தூணுக்கும் பின்பக்கத்துக்கும் குறுக்கே குழாய் வைத்துக் கட்டினோம். கதவு இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்தேன். வெட்டிய ஓரமும் புது ஓரமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், முகத்தோடு முகம் சேர்த்துப் பற்றவைப்பது என்று முடிவு. மேலேற்றி வைத்தால் வேலை சுலபம், நடுவில் தண்ணீர் தங்கும். ஃபைபர்காரர் கதையைத் திரும்பச் செய்ய ஆசையில்லை.

மேஸ்திரி கேஸ் வெல்டிங்கில்தான் வளர்ந்தவர். கேஸில் பற்றவைத்த இடம் மென்மையாக இருக்கும், சுத்தியால் தட்டிச் சமப்படுத்தலாம். ஆனால் சூடு அதிகம் பரவும், மூடிப் பக்கம் அது ஆபத்து. சி.ஓ.2 வெல்டிங்கில் சூடு குறைவு, பற்று கல்லாக நிற்கும், தட்டினால் பக்கத்துத் தகடுதான் நெளியும். இரண்டுக்கும் நடுவழி டிக் வெல்டிங். ராணிப்பேட்டையில் பாய்லர் வேலைகளால் அதன் கைகாரர்கள் நிறைய. ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்து வந்தோம். காலம் முழுக்கத் தடித்த குழாய் பற்றவைத்தவர். 0.9 மி.மீ. தகட்டைப் பார்த்து, "இது அப்பளம் ஆச்சே" என்றார். அரை நாள் துண்டுத் தகட்டில் பழகிவிட்டு, ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி என்று தாவித்தாவி இரண்டு நாள் வைத்தார். அவர் வைக்க வைக்க, மேஸ்திரி பின்னால் டாலி பிடித்து லேசாகத் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பெரியவர்களும் அந்த இரண்டு நாளில் பேசிக்கொண்டது பத்து வார்த்தை இருக்கும்.

உள் வளைவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் வண்டி மறுபடி துருப்பிடிப்பது அங்கேதான். வெளித்தகடு 21 மி.மீ. வெளியே போய்விட்டால், உள்ளே இருக்கும் சக்கரக்கூடு எட்டாது. அதன் ஓரத்தை நாலு விரலுக்கு ஒரு கீறல் என்று கத்தரித்து, இதழ் இதழாக வெளியே மடித்து, இடைவெளியில் முக்கோணத் துண்டு வைத்து மூடி, புது விளிம்பின் மடிப்போடு சேர்த்தோம். மடிப்பு 7 மி.மீ. மட்டுமே இருந்த இடத்தில் ஒரு பட்டை சேர்க்க வேண்டி வந்தது. பற்றவைக்கும் முன்பே உள்முகத்தில் துத்தநாகப் பிரைமர், முடித்தபின் சீலர், கடைசியில் மெழுகு. இதை அவசரமாக முடிக்கிற பட்டறையில் எந்தத் தகடு போட்டாலும் ஒன்றுதான்.

பட்டி, உச்சி தவிர மற்ற இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்குள் முடிந்தது. மேஸ்திரியின் காந்தம் எங்கேயும் விழவில்லை.

ஆர்.டி.ஓ. விஷயம்

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்டது சக்கரமும் தகடும் வந்த பிறகு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. 2021 ஜூலையில் ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு வந்தது: நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' எழுத்து, புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் வண்டி பழைய வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸியிலோ உடம்பிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் கூடாது. ஒடுக்கமாகவே கட்டியிருந்தால் பாய் அந்தப் பதிவைக் கேட்டிருக்கலாம். இப்போது அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. வெட்டுவதற்கு முந்தின நாள் இதை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். படித்தார், மடித்துப் பையில் வைத்தார், "வெட்டுங்க தம்பி" என்றார். சாதாரணப் பதிவில் மாற்றத்தைச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் பார்த்துச் சொல்லும் வரை வண்டி சாலையில் இறங்காது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

பெயின்டுக்கு முன் பட்டறை வாசலிலேயே சோதனை. பின் சீட்டில் ஆறு மணல் மூட்டை ஏற்றி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைக் குலுக்கி உட்கார வைத்தோம். முழுச் சுமையிலும் டயருக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு சுண்டுவிரல் நுழைந்தது. வலப்பக்கம் கொஞ்சம் இறுக்கம். அந்த நான்கு மி.மீ.யில் ஒன்றை நாங்கள் கடைசிவரை பிடிக்கவில்லை.

எண்ணெய் மூடிக்குப் பெயின்டர் தனியாக மூன்று கோட் அடித்தார். உள்பக்கத்தில் ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டார். 'ஆயில் மட்டும்' என்று தமிழில் எழுதச் சொன்னார் பாய். எழுதி முடித்ததும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் சின்னதாக உருதுவிலும் எழுதச் சொன்னார். எந்தப் பங்க்கில் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டதற்கு, "அத்தா படிப்பாரு" என்றார்.